பழைய காரின் எஞ்சினும் அதன் மூச்சும்



யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்றும் மொரிஸ் மைனர், ஒஸ்டின் முதலிய பழைய கார்கள் ஓடக் காண்கிறோம். மொரிஸ் மைனர் 1948ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கியது. 1970களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி நின்றது. ஆகவே, அவற்றுள் மிக இளையதற்கும் ஐம்பது வயது கடந்துவிட்டது. இத்தகைய கார்களை வைத்திருப்போர் அடிக்கடி கூறும் குறை ஒன்று உண்டு. “எண்ணெய் ஒழுகுகிறது; எந்த இடத்தை அடைத்தாலும் வேறோரிடத்தால் வருகிறது” என்பதே அது. இக்குறையின் மூலத்தை அறியும் வழியை இன்று ஆராய்வோம்.

என்னிடமும் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின் கொண்ட மொரிஸ் மைனர் ஒன்று உண்டு. அதன் கிளச் பெட்டியின் அடியிலுள்ள சிறுதுளையால் எண்ணெய் சொட்டியது. கராச் ஒன்றில் காட்டினேன். கிளச் தட்டு எண்ணெயில் ஊறிவிட்டது என்று சொல்லி மாற்றினார்கள். மூன்று மாதத்தில் மீண்டும் அதே கதி. மறுபடியும் தட்டு மாற்றப்பட்டது. மூன்றாம் முறை, எஞ்சினை முழுவதும் கழற்றிச் சிலிண்டர்களைக் கடைந்து புதுப்பிக்க வேண்டும் என்றார்கள். என் ஆறு மாத ஊதியம் அதற்குப் போதாது. காரை விற்றுவிடலாமா என்றுகூட எண்ணினேன். அதன் பின்னரே, ஒரு முதிய மெக்கானிக் என்னிடம் கேட்டார்: “தம்பி, எஞ்சின் மூச்சு விடுகிறதா என்று பார்த்தீரா?”

அவர் கேட்டதன் பொருள் யாது? பிஸ்டனின் மேலே பெற்றோல் எரியும்போது எழும் அழுத்தம் மிகப் பெரிது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் அதைத் தடுத்து நிறுத்துகின்றன. எனினும், புத்தம் புதிய எஞ்சினிலுங்கூடச் சிறிதளவு வாயு ரிங்குகளைக் கடந்து, கீழேயுள்ள கிராங்க் அறைக்குள் இறங்கவே செய்யும். அது வெளியேற ஒரு வழி வேண்டும் அன்றோ? பழைய கார்களில் அதற்கென ஒரு குழாய் எஞ்சினின் பக்கத்திலிருந்து நிலத்தை நோக்கித் தொங்கும். எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியூடாகத் தூய காற்று உட்செல்லும். வாயுவை வீதியில் விடுவது தீது என்று உணரப்பட்டபின், அதை மீண்டும் எஞ்சினே உறிஞ்சி எரிக்குமாறு ஒரு சிறு வால்வு அமைக்கும் முறை பரவியது. 1961இல் கலிபோர்னியா மாநிலம் இதற்கு விதி வகுத்தது.

ஆகவே, கிராங்க் அறையில் அழுத்தம் மிகுவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று, வெளியேறும் வழி அடைபட்டிருத்தல். மற்றது, ரிங்குகளைக் கடந்து வரும் வாயு அளவுக்கு மிஞ்சுதல். முன்னதற்குச் செலவு ஒரு போத்தல் மண்ணெண்ணெய். பின்னதற்கு ஆயிரக்கணக்கில் பணம். எது காரணம் என்று அறியாமல் பணத்தை இறைப்பது பேதைமை.

அறியும் முறையைப் படிப்படியாகக் கூறுகிறேன். வாயு நஞ்சாகையால் திறந்த வெளியிலேயே இதைச் செய்க. முதலில் மூச்சுக்குழாயைக் கழற்றி, அதனுள் கம்பி ஒன்றைச் செலுத்திப் பாருங்கள். மூடியிலுள்ள வலையையும் கழுவுங்கள். வால்வு உள்ள காராயின், எஞ்சின் மெதுவாக ஓடும்போது மூடியை எடுத்து, அவ்வாயின்மேல் ஒரு தாளை வையுங்கள். தாள் உள்ளே இழுபட்டால் வால்வு வேலை செய்கிறது. மேலே தள்ளுண்டால் குறை உண்டு.

அடுத்து அழுத்தத்தை அளப்போம். ஊடு தெரியும் பிளாஸ்டிக் குழாய் இரண்டு யார் எடுத்து, நடுப்பகுதியை வளைத்துத் தொங்கவிட்டு, அதில் நிறமூட்டிய நீரை ஊற்றுங்கள். ஒரு முனையை எண்ணெய் அளக்கும் கோலின் துவாரத்தில் இறுகப் பொருத்துங்கள். காற்றாடியிற் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சுக்குழாய் சீராயுள்ள நல்ல எஞ்சினில் நீர்மட்டம் சற்றே அசையும். அங்குலக் கணக்கில் ஏறினால், அறையினுள் அழுத்தம் சேர்கிறது. குழாயைச் சுத்தம் செய்தபின்னும் ஏறுமாயின், ரிங்குகளைச் சந்தேகிக்கலாம்.

எந்தச் சிலிண்டர் என்று அறிய, எஞ்சினை நிறுத்தி ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி, அதன் நுனியை எஞ்சினின் உலோகத்தோடு சேர்த்துவிட்டு மீண்டும் இயக்குங்கள். இவ்வாறு நான்கையும் சோதிக்கையில், எதனை நிறுத்தும்போது புகை தணிகிறதோ, அதுவே குற்றவாளி. அழுத்தமானி கிடைத்தால், எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, அக்சிலரேற்றரை முழுவதும் மிதித்து, ஒவ்வொன்றாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். குறைந்திருக்கும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு உயர்ந்தால் குறை ரிங்கிலே. உயராவிடின் வால்விலோ, தலைப்பகுதியின் கஸ்கெற்றிலோ இருக்கலாம். பல்லாண்டு நின்ற காரில் ரிங்குகள் கரியில் ஒட்டியிருத்தலும் கூடும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவைத்தால் சில வேளை அவை விடுபடும். ஆதலின் கடைவதற்கு அவசரப்படல் வேண்டா.

1990களில் பெற்றோல் கிடையாத காலத்தில், யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, கீழேயுள்ள எண்ணெயையும் நீர்த்துப்போகச் செய்யும். அவ்வாறு உழைத்த எஞ்சினில் ரிங்குகள் தேய்ந்திருப்பது வியப்பன்று.

ஓர் எச்சரிக்கை. புகை வருகிறதென்று மூச்சுக்குழாயைத் துணியால் அடைப்போர் உளர். அது பெருந்தவறு. அழுத்தம் வேறு வழி தேடும். மொரிஸ் மைனரின் எஞ்சினிலே, பின்புறத்தில் எண்ணெயைத் தடுப்பது இரப்பர் வளையம் அன்று. தண்டில் வெட்டிய திருகுச் சால் மட்டுமே. அழுத்தம் மிகுந்தால் அதனூடே எண்ணெய் கிளச்சுக்குப் பாயும்.

என் காருக்கும் நிகழ்ந்தது அதுவே. மூச்சுக்குழாயைக் கழற்றியபோது, தார்போன்ற கசடு உள்ளே இறுகிக் கிடந்தது. அரைமணி நேரம் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கம்பியாற் குத்திச் சுத்தம் செய்தோம். நீர்மட்டம் இரண்டு அங்குலத்திலிருந்து அசையாநிலைக்கு வந்தது. கிளச் தட்டை அதன்பின் மாற்றவேயில்லை. இரண்டு தட்டுகளுக்குக் கொடுத்த பணம் போனதுதான். எனினும் கார் என்னிடமே இருக்கிறது.

உங்களிடமும் எண்ணெய் ஒழுகும் கார் இருந்தால், கராச்சுக்குக் கொண்டுசெல்லுமுன் அந்தக் குழாயை ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.