மணிச்சத்தும் பாசுபரசும்



உரத்தைப் பற்றி லாபிசில் பேசுவதற்கு ஒரு மொழியியலாளர் எதற்கு என்னும் ஐயம் எழுவது இயல்பே. செம்பனையும் இரப்பரும் சூழ்ந்த இவ்வூரில் உரமூட்டையைக் காணாத குடும்பம் அரிது. மூட்டைக்குள் இருக்கும் பொருளைப் பற்றி மட்டும் பேச நாம் வரவில்லை. அப்பொருளுக்குத் தமிழர் வழங்கும் பெயர்கள் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே நிற்கின்றன. அதனால் நம் மாணவர்க்கு நேரும் இடரைப் பற்றியே பேச வந்தோம்.

பெயரின் பிறப்பிலிருந்து தொடங்குவோம். 1669இல் செருமனியின் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்பார் சிறுநீரிலிருந்து பொன் எடுக்க முயன்றார். பொன் கிடைக்கவில்லை, இருளில் ஒளிரும் மெழுகு போன்ற ஒரு பொருள் கிடைத்தது. அதற்கு 'ஒளியேந்தி' என்னும் பொருளுடைய கிரேக்கப் பெயர் அமைந்தது. கிரேக்கர் அப்பெயரை முன்னரே விடிவெள்ளிக்கு வழங்கியிருந்தனர்.

தமிழில் இப்பொருள் பல பெயர் பெற்றது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பாஸ்பரஸ் என்றன. தமிழ் எழுத்து மரபைப் பேணுவோர் பாசுபரசு என்றனர். இலங்கையில் பொசுபரசு ஆயிற்று. பாசுவரம் என்பாரும் உளர். ஒளிர்வது எனப் பொருள்படும் வடசொல்லின் சாயல் அதில் உண்டு. அதைப் 'பாசி'யோடு இணைத்துச் சொல்லாராய்ச்சி செய்ய வேண்டா. ஒலியொப்புமை உறவாகாது. ஆனால், குளத்திலும் ஆற்றிலும் இப்பொருள் மிகும்போது பாசி பெருகுவதும், அப்பாசி மடிந்து அழுகுகையில் நீரின் உயிர்வளி குறைந்து மீன்கள் சாவதும் உண்மை.

எரியம் என்னும் ஆக்கச்சொல்லையும் கருதுவோம். வெண்பாசுபரசு காற்றுப் பட்டாலே தீப்பற்றும். அதனால் அதை நீருக்குள் வைத்துக் காப்பர். அதற்கு எரியம் பொருத்தமான பெயரே. ஒருகாலத்தில் அதைக் கொண்டு தீக்குச்சி செய்த தொழிலாளரின் தாடையெலும்பு அழுகியது. 1906ஆம் ஆண்டின் பேர்ன் உடன்படிக்கை அத்தகைய தீக்குச்சிகளைத் தடுத்தது. 1913இல் இந்தியாவிலும் தடைச்சட்டம் வந்தது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தோன்றியது அதற்குப் பின்னரே. இன்றைய தீப்பெட்டியின் பக்கத்தில் பூசியிருப்பது செம்பாசுபரசு. உரசும் வரை அது அமைதியாகவே இருக்கும். மண்ணிலும் எலும்பிலும் உள்ளதோ உயிர்வளியோடு முன்னரே கூடிவிட்ட பாஸ்பேட்டு. அது எரிவதே இல்லை. ஒரு பொருளின் ஒரு நிலையை மட்டும் கண்டு பெயரிட்டதன் விளைவு இது.

நம் உள்ளங்கவர்ந்த பெயர் வேறு. தமிழ்நாட்டு வேளாண் துறையினர் மூன்று பேருரங்களைத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என வழங்குகின்றனர். நைட்ரசன் தழையைப் பெருக்கும். பாசுபரசு வேரையும் மணியையும் வளர்க்கும். பொட்டாசியம் சாம்பலில் உள்ளது. அகராதியைத் திறவாமலே உழவர்க்குப் புரியும் சொற்கள் இவை.

ஆனால் 'மணி' என்பது நெல்வயலின் சொல். லாபிஸ் தோட்டங்களில் மணி ஏது? செம்பனைக் கன்று நடும் குழியில் பாறைப் பாஸ்பேட்டு இடுவது வேர் ஊன்றுவதற்காக. மலாயாத் தோட்டங்களுக்கு அப்பாறைத்தூள் வந்த இடங்களுள் ஒன்று கிறிஸ்துமஸ் தீவு. பிரித்தானியர் 1888இல் அத்தீவைக் கைக்கொண்டதற்குக் காரணமே அங்கிருந்த பாஸ்பேட்டுதான். 1958இல் ஆஸ்திரேலியாவுக்கு மாற்றப்படும் வரை அதன் ஆட்சி சிங்கப்பூரோடு பிணைந்திருந்தது. நம் மண் புளிப்பு மண். அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் பாஸ்பேட்டைப் பற்றிக்கொண்டு வேருக்கு எளிதில் விடுவதில்லை. அதே புளிப்புத்தான் கரையாத பாறைத்தூளை மெல்லக் கரைத்தும் தருகிறது.

இங்கு ஆசிரியர்கள் கருதவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 'மணிச்சத்து என்பது பாசுபரசு' என்று எழுதிப்போட்டால் கணக்குத் தவறும். டிஏபி உரமூட்டையில் 18:46:0 என்றிருக்கும். அந்த 46 விழுக்காடு பாசுபரசு அன்று. பாசுபரசு பென்டாக்சைடு என்னும் கணக்கில் கூறப்படும் அளவு. தனிமமாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 20 விழுக்காடே தேறும். மணிச்சத்து உரக்கணக்கின் சொல். பாசுபரசு வேதியியலின் சொல். இரண்டும் வேண்டும், ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தல் ஆகாது.

நம் மாணவர் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றனர். அங்கு இத்தனிமம் மலாய்மொழியில் 'ஃபோஸ்ஃபோருஸ்' என்னும் பெயரோடு வருகிறது. பாட்டியை இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்திற்கு அழைத்துச் செல்லும் பெயர்த்தி அங்கு 'ஃபோஸ்ஃபாட்' என்று கேட்கிறாள். தோட்டத்து மூட்டையில் இருப்பதும், பாட நூலில் படித்ததும், தாதியர் சொல்வதும் உறவுடையன என்று அவளுக்கு யார் சொன்னார்?

இது சொல்லாராய்ச்சியோடு முடியும் செய்தி அன்று. நம் உடலின் பாசுபரசில் ஏறத்தாழ 85 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் உள்ளது. மிகையானதைச் சிறுநீரகம் வெளியேற்றும். சிறுநீரகம் பழுதுற்றால் அது குருதியில் தேங்கி, எலும்பை நலிவித்து, குருதிக்குழாய்ச் சுவரில் சுண்ணம் படியவும் வழிசெய்யும். ஆகவே பாட்டி நெத்திலியையும் கறுப்புக் கோலா பானத்தையும் பதப்படுத்திய இறைச்சியையும் குறைக்க வேண்டும். பதப்படுத்தும்போது சேர்க்கும் பாஸ்பேட்டை உடல் மிக எளிதில் ஈர்த்துக்கொள்கிறது. இதைப் பாட்டிக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டியவள் அப்பெயர்த்திதான். 'பாட்டி, மருந்து மாதிரி ஏதோ சொல்றாங்க' என்பதோடு அவள் நின்றுவிட்டால் பாட்டியின் உணவு மாறாது.

எல்லாப் பெயர்களையும் ஒழித்து ஒன்றை மட்டும் நிறுத்தவேண்டும் என்பாரோடு நாம் உடன்படுவதில்லை. தனிமத்திற்குப் பாசுபரசு, உரக்கணக்கிற்கு மணிச்சத்து, உணவிலும் குருதியிலும் உள்ள சேர்மத்திற்குப் பாஸ்பேட்டு என்று மூன்றையும் வைத்துக்கொள்வோம். மலாய்ப் பெயர்களையும் அருகே எழுதுவோம். ஆறாம் ஆண்டு வகுப்பிலேயே இதற்கு ஒரு பாடவேளை போதும். ஓர் உரமூட்டைத் துண்டு, ஒரு தீப்பெட்டி, ஒரு கோலா குவளை ஆகிய மூன்றையும் மேசைமேல் வைத்து, இவற்றுக்குள் பொதுவாக இருப்பது யாது என்று மாணவரைக் கேளுங்கள்.

இனி, வினாக்கள் இருப்பின் கேட்கலாம்.