ஒட்டுப் போட்ட ஜீன்ஸும் அம்மாவோட மலைச் சட்டையும்

இந்த எபிசோடை ராசிங்காபுரத்துல எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல ஆட்டுக்குட்டி கத்துனா கண்டுக்காதீங்க.

நாலு மாசமா வேலை முடிஞ்சு லேப்டாப்பை மூடுனதும் நான் ஊசி நூலை எடுத்துடுறேன். சாஷிகோ. ஜப்பான்காரங்களோட கைத்தையல். பெரிய வித்தை ஒண்ணுமில்ல, நம்ம ஊர்ல பாவாடை ஓரத்துக்குப் போடுற சாதாரண ஓட்டுத் தையல்தான். நீலத் துணி, வெள்ளை நூல், ஊசி மேல வருது கீழ போகுது. வங்காளத்துல காந்தா போடுறதும், கர்நாடகாவுல சித்தி சமூகப் பெண்கள் பழைய துணிய அடுக்கிப் போர்வை தைக்கிறதும் இதே ஓட்டம்தான்.

மொதல்ல என்னோட ஜீன்ஸ் முட்டியில ஒரு ஒட்டுப் போட்டேன். டைலர் அண்ணன் கடையில குப்பைக்குப் போக இருந்த லைனிங் பிட்டுத்துணி. தைச்சு முடிச்சுட்டு பெருமையா அம்மாகிட்ட காட்டினேன். அம்மா சிரிக்கல. “கிழிஞ்சத ஒட்டுப் போட்டு உடுத்தக் கூடாதுன்னுதான்டா ஒன்னைய படிக்க வச்சேன்” அப்படின்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க.

போடி பக்கத்து ஆளுங்களுக்கு இதுக்கு விளக்கம் தேவையில்ல. மத்தவங்களுக்குச் சொல்றேன். விடியறதுக்கு முன்னாடி ஜீப்பு வரும். போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவு (ஊசிங்கற பேரு இங்கயும் வந்துருச்சு பாருங்க). அந்தப் பக்கம் கேரளா, ஏலத்தோட்டம். ஏலக்காய் செடியோட உச்சியில காய்க்காது. அடித்தூர்ல, தரையோட தரையா சரம் விட்டுக் காய்க்கும். அதனால நாள் பூரா குனிஞ்சுதான் பறிக்கணும். ஈரம், குளிர், அட்டைக்கடி. சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டை ஒண்ண மாட்டிக்கிட்டுதான் அம்மாவும் 14 வருஷம் போனாங்க. அந்தச் சட்டையோட முழங்கையில ஒட்டு மேல ஒட்டு. நான் ஆன்லைன்ல “அழகியல்”னு லைக் போட்டது, அவங்களுக்கு கூலி பத்தாத காலம்.

இப்ப ஜப்பானுக்கு வாங்க. அங்க மட்டும் இது ஃபேஷனா பொறந்துச்சா என்ன? வடக்கே ஆவோமோரி, அந்தக் காலத்துல ட்சுகாரு நாடு. கடும் பனி, பருத்தி விளையாது. 1724ல விவசாயிங்க பருத்தித் துணியே உடுத்தக் கூடாதுன்னு ஆட்சியாளர்கள் சட்டம் போட்டாங்க. சணல் மாதிரி ஒரு நார்த்துணிதான் கதி. அதோட இடுக்கு வழியா குளிர்காத்து நேரா உள்ள வரும். அப்புறம் பருத்தி நூல் கையில கிடைக்க ஆரம்பிச்சதும், பொம்பளைங்க அந்த இடுக்கையெல்லாம் நூலாலயே அடைச்சாங்க. இதுக்குப் பேரு கோகின். நாம டிசைன்னு சொல்றது அவங்களுக்கு காத்துத் தடுப்பு.

கந்தலுக்கு மேல கந்தல் வச்சுத் தைச்சதை போரோன்னு சொல்லுவாங்க. காசு வந்த பிறகு அதை வெளிய காட்டவே பல குடும்பங்களுக்கு வெக்கம். தனாகா சூசாபுரோன்னு ஒருத்தர் ஊர் ஊரா நடந்து அதைச் சேத்து வச்சார். 2009ல இருந்து 2019 வரைக்கும் டோக்கியோ அசகுசாவுல ஒரு மியூசியத்துல அதைக் காட்சிக்கு வச்சிருந்தாங்க.

இதை அம்மாகிட்ட சொன்னேன். “அவளுகளும் நம்மள மாதிரிதானா”ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு என் கையில இருந்த துணிய வாங்கிப் பாத்துட்டு, “நூல ஏன் இப்படிச் சுண்டி இழுக்குற, சுருக்கம் விழுது பாரு. பத்துத் தையலுக்கு ஒருக்கா விரல வச்சுத் தடவி விடு.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சாஷிகோவுல அதுக்குன்னு தனிப் பேரே இருக்கு, இதோகோகி. வீடியோ வீடியோவா பாத்தும் நான் கோட்டை விட்ட ஸ்டெப் அது.

சரி, செய்யணும்னு நினைக்கிறவங்களுக்கு. இறக்குமதி கிட் எல்லாம் வாங்காதீங்க, விலையைப் பாத்தா ஆசையே போயிரும். ஆங்கர் எம்ப்ராய்டரி நூல் போதும். ஆறு இழை இருக்கும், மெல்லிசான பிளவுஸ் துணின்னா மூணா பிரிச்சுக்கங்க. துணிய முதல்ல துவைச்சுருங்க, பிறகு சுருங்குனா தையல் பூரா கோணிக்கும். திரும்புற இடத்துல பின்பக்கம் நூலைக் கொஞ்சம் தொளதொளன்னு விடணும். கோடு போட சோம்பேறித்தனமா? பொடிக்கட்டம் போட்ட பழைய கைலிய வெட்டுங்க, கோடு ரெடியா இருக்கு.

நம்ம டெக் மக்களுக்குப் பிடிச்ச பகுதி இதுதான். ஹிதோமேசாஷின்னு ஒரு வகை. நெடுக்கையும் குறுக்கையும் ஒரே அளவு தையல். ஒவ்வொரு வரியிலும் எடுக்குற முடிவு ஒண்ணே ஒண்ணு: முதல் தையல் மேலயா, கீழயா? 1 இல்ல 0. எல்லா வரியும் ஒரே மாதிரி ஆரம்பிச்சா தனித்தனிச் சின்னச் சதுரம் வரும். இரண்டு பக்கமும் மாத்தி மாத்தி ஆரம்பிச்சா படிக்கட்டு வரும். நான் நெடில் 1, குறில் 0ன்னு வச்சுக்கிட்டேன், ஒற்றை விட்டுட்டேன். ராசிங்காபுரம்னா 1, 0, 1, 0, 0. ஏலக்காய்னா 1, 0, 1. குறுக்க ஊர்ப் பேரு, நெடுக்க ஏலக்காய், திரும்பத் திரும்ப. வந்த டிசைன்ல ஒரு சுருக்குப் பை தைச்சேன்.

அந்தப் பைய அம்மா எடுத்துக்கிட்டாங்க, ரேஷன் கார்டு வைக்க. ஜீன்ஸுக்கு இன்னும் தடைதான், சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்குப் போட விடமாட்டாங்க. போன வாரம் டிரங்குப் பெட்டியில அந்த மலைச் சட்டை கிடைச்சுது. முழங்கை மறுபடி பிஞ்சிருந்துச்சு. “நான் தைச்சுத் தரவாம்மா?”ன்னு கேட்டேன். வாங்கி மடிச்சு உள்ள வச்சுட்டு, “அதத் தொடாத”ன்னாங்க.

நீங்க தைக்கிற பைக்கு யாரோட பேரை வைக்கப் போறீங்க? குறில் நெடில் பிரிச்சு அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல படிக்கிறேன்.