விதை அவர் கையில், மண்வெட்டி நம் கையில்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் வாழும் நம்மிற் பலருக்கு வீட்டுப் புறத்தே சிறிதளவேனும் மண் வாய்த்திருக்கிறது. ஊரிலிருந்து நம்முடன் வாழ வந்த தாயோ தந்தையோ பல இல்லங்களில் இருக்கின்றனர். இவ்விரண்டையும் ஒன்று சேர்ப்பது குறித்துச் சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

பயிரோடு பழகிய கைகள் ஊரைவிட்டு வந்தபின் ஓய்ந்துவிடுகின்றன. நாம் அலுவலகம் செல்கிறோம். பிள்ளைகள் பள்ளி செல்கின்றனர். அக்கம்பக்கத்து வங்காளமும் இந்தியும் முதியோர்க்குப் புரிவதில்லை. பெற்றோரை அமரவைத்து வேளைக்குச் சோறிடுவது கடமையே. ஆயினும் அதுமட்டும் போதாது. தம்மால் இவ்வீட்டிற்கு ஒரு பயன் உண்டு என்ற எண்ணமன்றோ முதுமைக்கு ஊன்றுகோல்!

தோட்டம் தொடங்குமுன் ஒன்றை நினைவிற்கொள்ளல் வேண்டும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது தமிழகத்து வானத்தை நோக்கிச் சொன்ன முதுமொழி. அங்கே ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. இங்கோ ஜூன் முதல் செப்டம்பருக்குள் மழையின் பெரும்பகுதி பெய்து தீர்கிறது. ஆடி மாதத்தில் தாழ்ந்த பாத்தியில் இட்ட விதை அழுகிப்போகும். மேட்டுப்பாத்தி அமைத்து நீர் வடிய வழிசெய்தல் வேண்டும். காலிபிளவர், முட்டைக்கோசு, பட்டாணி ஆகியவற்றிற்கு ஐப்பசியும் கார்த்திகையும் ஏற்றவை. வெண்டையை மாசியில் ஊன்றலாம்.

இவற்றைப் பெற்றோர்க்கு நாம் போதிப்பதினும், அண்டை வீட்டு வங்காள மூதாட்டியாரிடம் அவர்களை அழைத்துச் செல்லுதல் நன்று. நாம் முருங்கைக்காய் என்பதை அவர் ‘சஜ்னே டாண்டா’ என்பார். கொடிப்பசலையைப் ‘புயி ஷாக்’ என்பார். ஒருவர் மொழி ஒருவர்க்குத் தெரியாவிடினும், கொடியைக் காட்டிச் சிரித்து நட்புக் கொள்வர்.

இங்குள்ள சரளைச் செம்மண் கோடையில் கல்லாய் இறுகுவது. மக்கும் உரம் குறைந்தது. ஒன்றரை அடி ஆழம் குழி தோண்டி, மக்கிய சாணமும் இலைச்சருகும் இட்டு நிரப்பினால் புடலும் பாகலும் பந்தலேறும். தோண்டும் வேலை நம்முடையது. எங்கே எதை நடுவது என்னும் தீர்ப்பு பெற்றோருடையது. விதை அவர் கையில், மண்வெட்டி நம் கையில், பூவாளி பேரப்பிள்ளை கையில் இருக்கட்டும்.

பிள்ளைகட்கு இதனால் விளையும் நன்மை பெரிது. கீரையைத் தூவ வேண்டும்; அவரையை ஊன்ற வேண்டும்; கத்தரியை நாற்றுவிட்டு நட வேண்டும். பூ, பிஞ்சு, காய், நெற்று என்று ஒரே கொடியில் எத்தனை சொற்கள்! நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டினும் மறந்துபோகும் சொற்கள், பாட்டியின் அருகே குந்தியிருந்து களை பறிக்கையில் நாவில் நிலைத்துவிடும்.

பணி ஓய்வோ மாற்றல் உத்தரவோ வந்தால், குடியிருப்பை ஒப்படைத்துவிட்டு நாம் செல்ல வேண்டியவர்களே. பந்தலும் பாத்தியும் இங்கேயே நிற்கும். விதை மட்டும் உடன் வரும். கலப்பின விதையிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியின் குணத்தை முழுதும் காட்டாது. ஆதலின் நாட்டு விதையையே தேர்ந்து நடுக. நன்கு திரண்ட காய் ஒன்றைப் பறியாது முற்றவிட்டு, விதையெடுத்து உலர்த்திச் சாம்பலில் புரட்டி வைக்கும் முறையைப் பெற்றோர் அறிவர். அவர்கள் இருக்கும்போதே நாமும் நம் மக்களும் அதனைக் கற்றுக்கொள்வோமாக.

அடுத்த ஆண்டு விழாவிற்கு ஒவ்வொரு குடும்பமும் தன் தோட்டத்து விதையில் ஒரு பிடி கொண்டுவந்து பிறர்க்கு வழங்கலாம். பொட்டலத்தின்மீது விதையின் பெயரைப் பிள்ளைகளே தமிழில் எழுதட்டும். விதையை எடுத்துத் தந்த பாட்டியின் பெயரையோ தாத்தாவின் பெயரையோ அதன்கீழ் எழுதட்டும்.