தகரக் கூரையும் தங்கும் உரிமையும்

(புரோத்ராபூரில் கட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

வீடற்றோருக்கு அவசரகாலச் சிறு உறைவிடங்கள் அமைக்க வேண்டும் என்னும் கோரிக்கையைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, உள்ளே தாழிடக்கூடிய கதவு, அருகிலேயே கழிப்பறை, குடிநீர். இவையே அதன் இலக்கணம். பெருங்கூடமொன்றில் நூறு பேரை வரிசையாகப் படுக்கவைப்பதைவிட இது மேலானது. பெண்களுக்குப் பாதுகாப்பும் நோயாளிகளுக்கு ஒதுக்கிடமும் இதில் கிடைக்கின்றன. வேலைக்குச் செல்பவர் தம் உடைமைகளை அச்சமின்றி வைத்துச் செல்லலாம். ஆயினும் யாரைக் கேட்டுக் கட்டுகிறார்கள், எத்தனை நாளைக்குக் கட்டுகிறார்கள் என்ற இரு கேள்விகளை நாம் விட்டுவிடலாகாது.

இவ்விரண்டையும் நமக்குக் கற்பித்தவை இத்தீவுகளே. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், நிர்வாகம் 9,500க்கும் மேற்பட்ட ‘இடைக்கால உறைவிடங்களை’ எழுப்பியது. தகரத் தகடுகள் பெருநிலத்திலிருந்து கப்பலில் வந்தன. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழியும் மண்ணில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கூரை தந்தது சிறு செயலன்று. ஆனால் வெயில் ஏறியதும் அத்தகரக் கொட்டகைகள் உலைகளாயின. புல்லும் ஓலையும் வேய்ந்து, கால்களின்மேல் உயர்த்திக் காற்றோட்டமாக வீடு கட்டத் தெரிந்தவர்கள் நிக்கோபார் மக்கள். அவர்களுடைய அறிவுக்கு அத்திட்டத்தில் உரிய இடம் கிடைக்கவில்லை.

கார் நிக்கோபாரில் ‘துஹேத்’ என்னும் கூட்டுக்குடும்பமே வாழ்க்கையின் அடிப்படை. அரசோ கணவன், மனைவி, பிள்ளைகள் என்று எண்ணி அறைகளைப் பங்கிட்டது. ‘சிறு அலகு’ என்பது யாருடைய கணக்கில் சிறியது என்று கேட்காமல் கட்டினால், கூரை கிடைக்கும், குடும்பம் சிதறும். ‘இடைக்காலம்’ என்னும் சொல்லுக்கும் எல்லை வகுக்கப்படவில்லை. நிரந்தர வீடு கைக்கு வருமுன் பல குடும்பங்கள் தகரத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளின.

தோழர்களே, பேரலை வராத நாளிலும் வீடற்றோர் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, பிப்ரவரி 28 இரவில் நடைபாதை, மேம்பாலத்தடி, ரயில் நிலையம், கோயில் வாசல் என நாடெங்கும் எண்ணப்பட்டவர்கள் 17.7 லட்சம் பேர். உணவுரிமை வழக்கில் 2010இல் உச்சநீதிமன்றம், பெருநகரங்களில் லட்சம் மக்களுக்கு ஒரு தங்குமிடம் வேண்டும், அது ஆண்டு முழுவதும் 24 மணிநேரமும் திறந்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. 2013இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின்கீழ் வந்த திட்டம் ஆளுக்கு 50 சதுர அடி என அளவு குறித்தது. தில்லியில் இன்றும் பெட்டி வடிவத் தற்காலிகக் கூடங்கள் இரவுத் தங்குமிடங்களாக இயங்குகின்றன. ஆகவே நாம் கேட்பது புதுமையும் அன்று, சலுகையும் அன்று.

இங்கே கட்டட வேலைக்குக் கப்பலேறி வரும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். ஊரார்க்கு வீடு கட்டுபவர் வேலைத்தளத்தின் கொட்டகையில் படுக்கிறார். வேலை முடிந்தால் அதுவும் இல்லை. பணியிடத்திலோ அருகிலோ கட்டணமின்றித் தங்குமிடம், தனிச் சமையலிடம், குளியலிடம், கழிப்பறை ஆகியவற்றை முதலாளி தரவேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் கூறியது. அதை நடைமுறைப்படுத்த வைக்கும் வலிமை தொழிற்சங்கத்துக்கே உண்டு.

நம் கோரிக்கைகள் நான்கு. முதலாவது, பேரிடர் வருமுன்னரே மேட்டு நிலம் ஒதுக்கி, உறைவிடப் பொருள்களை இங்கேயே இருப்பு வைக்க வேண்டும், கப்பலுக்குக் காத்திருக்கலாகாது. இரண்டாவது, வடிவமைப்பில் தங்கப்போகும் மக்களின் குழு, குறிப்பாகப் பெண்கள், முடிவெடுக்க வேண்டும். மூன்றாவது, பட்டாவோ குடும்ப அட்டையோ இல்லை என்று எவரையும் திருப்பி அனுப்பலாகாது. நான்காவது, ஒவ்வோர் உறைவிடத்துக்கும் முடிவு நாளும், அதன்பின் கிடைக்கும் நிரந்தர வீட்டின் உறுதியும் எழுத்தில் இருக்க வேண்டும். நான்காவது இல்லையேல் முதல் மூன்றும் தகரத்திலேயே முடியும்.

மனு கொடுப்பதற்கு முன் நம் கடமை ஒன்று உண்டு. புரோத்ராபூரிலும் போர்ட் பிளேரிலும் இரவில் எங்கெங்கே யார் படுக்கிறார்கள் என்பதைக் கிளைதோறும் தோழர்கள் நேரில் சென்று கேட்டுக் குறிக்க வேண்டும். கணக்கில் வராதவருக்கு எந்த அரசும் கூரை போட்டதில்லை. அந்தக் கணக்கோடு செல்வோம். கணக்கில் உள்ளவர்களையும் உடன் அழைத்துச் செல்வோம்.