கம்பியில் முதல் ஊசல்



நெல்லித்தோப்பு என்னும் பெயரைக் கேட்டதும் மரங்கள் நினைவுக்கு வருதல் இயல்பு. இன்று அங்கே வீடுகளும் கடைகளும் சந்தையுமே மிகுதி. ஆயினும் கைக்கெட்டும் கிளை ஒன்று கிடைத்துவிட்டால், அதைப் பற்றித் தொங்காத பிள்ளை அரிது. கிளையில் தொங்கும் பிள்ளையைக் கண்டு மகிழும் நாமே, அப்பிள்ளை பயிற்சித் திடலில் இரும்புக் கம்பியைப் பற்றி ஊசலாடினால், "இறங்கு, கை ஒடிந்துவிடும்" என்று கூவுகிறோம். கழைக்கூத்தாடிகளின் வித்தை நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்பாரும் உண்டு.

புதுச்சேரிக்கு இக்கலை புதியதன்று. நெல்லித்தோப்பிலிருந்து கிழக்கே, கடற்கரையை ஒட்டிய நகரப் பகுதியில் அரவிந்தர் ஆசிரமம் இருக்கிறது. அங்கே 1943ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் ஒரு பள்ளி தொடங்கப்பெற்றது. ஆண் பிள்ளைகள், பெண் பிள்ளைகள் என்ற வேற்றுமையின்றி இருபாலார்க்கும் உடற்பயிற்சி அங்கே கல்வியின் பகுதியாயிற்று. 1949 பிப்ரவரியில் உடற்பயிற்சிக்கென்றே ஓர் இதழ் வெளிவந்தது. அதில் அரவிந்தரே எழுதினார். பள்ளி தோன்றிய அந்த டிசம்பர் 2ஆம் நாளிலேயே ஆண்டுதோறும் உடற்பயிற்சிக் காட்சி நடத்துவதும் வழக்கமாயிற்று.

பிள்ளைகள் 'சிங்கிள் பார்' என்று வழங்கும் ஒற்றைக் கம்பி, 1811இல் பெர்லின் நகரை அடுத்த ஹாஸன்ஹைடே திடலில் யான் என்பவர் தொடங்கிய பயிற்சியால் பரவியது. 1896இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலேயே அதற்குப் போட்டி இருந்தது. ஆடவர் போட்டிக் கம்பி தரையிலிருந்து 2.80 மீட்டர் உயரமும் 28 மில்லிமீட்டர் பருமனும் உடையது. தொடக்க மாணவருக்கு அத்தனை உயரம் வேண்டுவதில்லை.

இனி, ஊசலின் இயல்பைக் காண்போம். தொங்கும் உடல் கடிகாரத்தின் ஊசற்குண்டைப் போன்றது. இரு முனைகளிலும் ஒரு கணம் நிற்கும். நடுவே தாழும்போது மிகு விரைவு கொள்ளும். அந்தத் தாழ்விடத்திலேதான் கைகளுக்குப் பெருஞ்சோதனை. உடல் ஒரு நேரான கோலைப்போல் விறைப்பாக இருந்து, கம்பியின் மட்டத்திலிருந்து கீழே ஊசலாடி வந்தால், தாழ்விடத்தில் அதன் எடையைப்போல் இரண்டரை மடங்கு இழுப்பு உண்டாகும். முப்பது கிலோ எடையுள்ள சிறுவன் அக்கணத்தில் 75 கிலோவைத் தாங்குகிறான் என்று கொள்க. ஆகவே முதற்பாடம் சிறிய ஊசலே.

அதற்கும் முன்னதாக, அசையாமல் தொங்கக் கற்க வேண்டும். உள்ளங்கைகள் முன்னோக்கி இருக்கக் கம்பியைப் பற்றி, கட்டைவிரலையும் சுற்றிப் பிடிக்க வேண்டும். முழங்கை நீண்டிருக்க வேண்டும். கால்கள் சேர்ந்திருக்க வேண்டும். வயிறு உள்ளடங்கி, மார்பு சிறிது குழிந்திருக்க வேண்டும். கையை மடக்கி இழுத்தால் ஊசல் பிறக்கும் என்று புதியவர் நினைப்பர். அதனால் தோள் சோருமேயன்றி ஊசல் வளராது. முன்னோக்கிச் செல்கையில் தாழ்விடத்தைக் கடந்தவுடன் பாதங்களை முன்னே வீசினால் ஊசல் தானே வளரும். ஊஞ்சலில் நின்று உந்திய எவரும் இந்தக் கால அளவை அறிவர்.

ஒவ்வோர் ஊசலிலும் பிடி சிறிது சிறிதாக விரல்நுனியை நோக்கி நழுவும். பின்னூசலின் முடிவில் உடல் நிற்கும் கணத்தில் கைச்சுமை குறைவு. அப்போது மணிக்கட்டைக் கம்பியின்மேல் மீண்டும் ஏற்றிப் பிடியைத் திருத்திக்கொள்ள வேண்டும். இறங்குவதும் சிறிய பின்னூசலின் முடிவிலேதான். கால் நேரே தரைக்கு வரும், கண்ணும் கம்பியைக் காணும். முன்னூசலில் கைவிட்டவர் மல்லாந்து விழுவர்.

இதை நான் கற்றது விழுந்த பிறகுதான். சிறுவனாயிருந்தபோது வியர்த்த கையோடு கம்பியில் ஏறினேன். "இன்னும் உயர, இன்னும் உயர" என்றார் அருகே நின்றவர். பிடி நழுவியது, முதுகு தரையில் அறைந்தது. சுற்றியிருந்தோர் நகைத்தனர். காயம் ஒரு வாரத்தில் ஆறியது. ஆனால் ஏன் விழுந்தேன் என்று எவரும் சொல்லாமையால், பின்னர் நான் கம்பியைத் தொடவே இல்லை. கையைத் துடைத்து வெண்பொடி பூசியிருந்தால், பிடியைத் திருத்தும் கணத்தை ஒருவர் சுட்டியிருந்தால், அடுத்த நாளே மீண்டும் ஏறியிருப்பேன்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கம்பியை நாடும்போது கீழே தடித்த மெத்தை இருக்கிறதா, பக்கத்தில் ஆசிரியர் நிற்கிறாரா என்று முதலில் பாருங்கள். அவை இருந்தால், மகனானாலும் மகளானாலும் தடுக்காதீர்கள். அகர்தலாவைச் சேர்ந்த தீபா கர்மாகர் 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் தாண்டுமேசைப் போட்டியில் நான்காம் இடம் பெற்றாரே, அவரும் ஒரு நாள் முதற்பாடத்திலிருந்து தொடங்கியவர்தாம்.

ஆசிரியர்களே, விழுந்த பிள்ளையை நோக்கி நகையாதீர்கள். ஏன் விழுந்தான் என்பதை அவனுக்கு விளங்கச் சொல்லுங்கள். காரணம் அறிந்த பிள்ளை கைகளைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கம்பியைப் பற்றுவான்.