தாய்மொழி எது? பெற்றோர் சொல்வதே கணக்கு



சித்தூருக்கும் திருப்பதிக்கும் பிழைக்க வந்த நம்மவர் வீடுகளில் அப்பா தெலுங்கு, அம்மா தமிழ் என்று வளரும் பிள்ளைகள் உண்டு. பள்ளியில் சேர்க்கும்போது தாய்மொழி எதுவென்று எழுதுவது?

1949-இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு வகுத்த விதி இது: தொடக்கப் பள்ளியில் 40 பேர், அல்லது ஒரு வகுப்பில் 10 பேர் இருந்தால் அந்த மொழிக்கு ஓர் ஆசிரியர். பெற்றோர் சொல்வதே பிள்ளையின் தாய்மொழி. 1956-இல் சேர்ந்த அரசியல் சட்டம் 350ஏ பிரிவும் இந்த வசதிக்கு அரசைப் பொறுப்பாக்குகிறது.

தெலுங்கு நமக்குச் சோறு போடும் மொழி, பகையில்லை. தெருவிலேயே வந்துவிடும். தமிழெழுத்து அப்படி வராது. வகுப்பில் 9 பேர், பள்ளியிலும் 40 பேர் இல்லை என்றால் இந்த விதிப்படி ஆசிரியர் கேட்க வழியில்லை. பத்தாவது பெயர் உங்கள் பிள்ளையுடையதாக இருக்கலாம். ஜூன் மாதச் சேர்க்கையில் தமிழ் என்று எழுதுவோம்; சேர்ந்து மனுக் கொடுப்போம்!