மாணவர் மன்றக் கூட்டமும் அதன் நடைமுறையும்



நம் பாடசாலைகளில் தமிழ் மன்றம், விஞ்ஞான மன்றம், உயர்தர மாணவர் ஒன்றியம் என்று பல அமைப்புகள் உள்ளன. அவற்றின் கூட்டங்களில் இறைவணக்கம் நிகழும், தலைமையுரை நிகழும், பாட்டும் பேச்சும் நிகழும், ஈற்றில் நன்றியுரை நிகழும். நன்றியுரை சிலவேளைகளில் தலைமையுரையினும் நீண்டுவிடுவதுண்டு. இவையெல்லாம் ஒழுங்காகவே நடைபெறுகின்றன. ஆனால், "மன்றத்தின் பணத்தை எதற்குச் செலவிடுவது? அடுத்த தவணையில் என்ன செய்வது?" என்ற வினா எழுந்தவுடன் தடுமாற்றம் தொடங்குகின்றது. பத்துப்பேர் ஒருங்கே பேசுவர். உரத்த குரலுடையவனின் கருத்து நிலைபெறும். மற்றையோர் மணியடிக்கும் வரை காத்திருப்பர்.

இது பிள்ளைகளுக்கு மட்டும் உரிய குறையன்று. 1863 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்ட் நகரில், ஹென்றி மார்ட்டின் ரொபேட் என்னும் இராணுவப் பொறியியலாளர் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க நேர்ந்தது. கூட்டம் நடத்தும் முறையை அவர் அறியார், கூட்டம் குழம்பியது. அந்த வெட்கமே அவரைப் பாராளுமன்ற நடைமுறைகளைக் கற்கத் தூண்டிற்று. 1876 இல் அவர் வெளியிட்ட விதிநூல் அமெரிக்கச் சங்கங்கள் பலவற்றில் இன்றும் கையாளப்படுகின்றது. நம் நாட்டு வழக்கம் பிரித்தானியப் பாராளுமன்ற மரபைத் தழுவியது. எனினும் அடிப்படை ஒன்றே: ஒரு வேளையில் ஒரு விடயம், ஒரு வேளையில் ஒருவர் பேச்சு, பேசுவோர் யாவரும் தலைவரை நோக்கியே பேசுதல்.

கூட்டத்துக்குச் சில நாள்கள் முன்னரே செயலாளர் நிகழ்ச்சிநிரலை அறிவித்தற் பலகையில் இடவேண்டும். கூட்டம் செல்லுபடியாவதற்கு எத்தனைபேர் இருத்தல் வேண்டும் என்பதும் மன்றத்தின் யாப்பில் இருக்கவேண்டும். இதனைக் கூட்ட நடப்பெண் என்பர். 225 உறுப்பினர் கொண்ட நம் பாராளுமன்றத்துக்கு அது 20 ஆகும். இருபதுக்குக் குறைந்தோரே உள்ளனர் என்பது தலைமை தாங்குபவரின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டால் அமர்வை ஒத்திவைக்கவேண்டும் என்று 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்புக் கூறுகின்றது. மாணவர் மன்றத்துக்கு மூன்றிலொரு பங்கு போதும் என்பது என் எண்ணம். அதற்குமேல் வைத்தால் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் மன்றம் கூடவே மாட்டாது.

இனி, பிரேரணை. நம் மாணவர் முதலில் நெடுநேரம் பேசிவிட்டு, இறுதியில்தான் தாம் விரும்புவது யாது என்பதைச் சொல்கின்றனர். சிலர் அதனையும் சொல்லாமலே அமர்ந்துவிடுகின்றனர். முறை இதற்கு மாறானது. "மன்ற நிதியிலிருந்து 5000 ரூபா எடுத்து நூலகத்துக்குக் கதைநூல்கள் வாங்கவேண்டும் எனப் பிரேரிக்கின்றேன்" என்று முதலில் விடயத்தைச் சொல்லவேண்டும். இன்னொருவர் அதனை ஆமோதிக்க வேண்டும். தனி ஒருவரின் விருப்பத்துக்காகச் சபையின் நேரம் முழுவதும் செலவாகாதிருத்தற்கே ஆமோதிப்பு வேண்டப்படுகின்றது. ஆமோதிப்பவர் இல்லையெனில் பிரேரணை அவ்வளவில் விழுந்துவிடும். உண்டெனில், தலைவர் அதனை உரக்க வாசித்தபின்பே விவாதம் தொடங்கும். பிரேரித்தவர் முதலிற் பேசுவார். ஏனையோர் ஒவ்வொரு முறை பேசலாம். இறுதியில் பதிலளிக்கும் உரிமை பிரேரித்தவருக்கு உண்டு.

"5000 ரூபா" என்பதை "3000 ரூபா" என்றோ, "கதைநூல்கள்" என்பதை "அகராதிகள்" என்றோ மாற்ற விரும்புவோர் திருத்தம் கொண்டுவரலாம். "வாங்கவேண்டும்" என்பதை "வாங்கக்கூடாது" என்று மாற்றுவது மட்டும் திருத்தமாகாது. அவ்வாறு எண்ணுவோர் பிரேரணைக்கு எதிராக வாக்களித்தலே தக்கது. திருத்தத்துக்கும் ஆமோதிப்பு வேண்டும். முதலில் திருத்தத்தின் மீதும், பின்னர் திருத்தப்பட்ட பிரேரணையின் மீதும் வாக்கெடுக்க வேண்டும். திருத்தம் நிறைவேறியதும் எல்லாம் முடிந்ததென்று எண்ணி அடுத்த விடயத்துக்குத் தாவும் தலைவர்களை நான் பலமுறை கண்டிருக்கின்றேன். அகராதி வாங்குவதா, கதைநூல் வாங்குவதா என்பதுதான் தீர்ந்தது. பணத்தைச் செலவிடுவதா என்பது இன்னும் தீரவில்லை.

ஒழுங்குப் பிரச்சினை என்பது விதி மீறப்பட்டதைச் சுட்டுவது. "அவர் சொல்வது பொய்" என்பது ஒழுங்குப் பிரச்சினையன்று, அது மறுப்புரை. அதற்குத் தம் முறை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

தலைவராக அமர்ந்தவர் எப்பக்கமும் சாராதிருத்தல் வேண்டும். விவாதத்தில் கலந்துகொள்ள விரும்பினால் ஆசனத்தை உபதலைவரிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கிவருவது நல்ல வழக்கம். நம் பாராளுமன்றத்தில் தலைமை தாங்குபவர் முதலில் வாக்களிப்பதில்லை. வாக்குகள் சமமானால் மட்டுமே அறுதி வாக்கை அளிப்பார். 1860 களில் பிரித்தானிய மக்கள் சபையின் சபாநாயகராக விளங்கிய டெனிசன் வகுத்த நெறியின்படி, பெரும்பான்மை இல்லாத மாற்றத்தைச் சபாநாயகர் தம் வாக்கினால் உண்டாக்கலாகாது. விடயம் மேலும் ஆராயப்படுவதற்கோ, உள்ளது உள்ளபடி இருப்பதற்கோ அவ்வாக்குப் பயன்படவேண்டும். பதினாறு வயது மாணவர் இதனை எளிதில் விளங்கிக்கொள்கின்றனர். பெரியோர் சங்கங்களிலேதான் இது கடினமாயிருக்கின்றது.

வாக்கெடுக்கும்போது ஆதரிப்போர், எதிர்ப்போர், நடுநிலை வகிப்போர் என மூன்று பகுதியினரையும் தனித்தனியே வினவி, கைகளை எண்ணி, எண்ணிக்கையைக் கூட்ட அறிக்கையில் எழுதவேண்டும். அடுத்த கூட்டத்தில் அவ்வறிக்கை வாசிக்கப்படும்போது சபை ஆராயவேண்டியது, நடந்தது சரியாக எழுதப்பட்டுள்ளதா என்பதை மட்டுமே. அன்று எடுத்த முடிவு நல்லதா தீயதா என்பது வேறு வினா. இவ்விரண்டையும் பிரித்தறியாமையால் நானே ஒரு பிழை செய்திருக்கின்றேன்.

ஆசிரியப்பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் ஒரு பாடசாலையின் தமிழ் மன்றத்துக்கு நான் பொறுப்பாசிரியனாக இருந்தேன். கடைசிப் பாடவேளையில் நடந்துவந்த கூட்டத்தைப் பாடசாலை விட்டபின் 2 மணிக்கு நடத்தவேண்டும் என்று ஒரு பிரேரணை வந்தது. கைகள் உயர்ந்தன. எதிர்ப்போர் உளரா என்று தலைவன் வினவவில்லை. அறிக்கையில் "ஏகமனதாக நிறைவேறியது" என்று எழுதப்பட்டது. அடுத்த கூட்டத்தில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "நான் கை உயர்த்தவில்லை, ஏகமனதாக என்பது பிழை" என்றாள். அவளுடைய ஊருக்கு 1.45 மணி பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது மாலை 5 மணிக்குத்தான். முடிவை மாற்றும்படி அவள் கேட்கவில்லை. அறிக்கையைத் திருத்தும்படியே கேட்டாள். நானோ, "முடிந்த காரியத்தைக் கிளறாதே, பிள்ளை. இரு" என்றேன். அவள் அமர்ந்தாள்.

அவள் வாக்கினை எண்ணியிருந்தாலும் பிரேரணை நிறைவேறியே இருக்கும். ஆயினும், எதிர் 1 என்று எழுதியிருந்தால், அந்த ஒருவர் யார், அவருக்கு என்ன இடையூறு என்று யாரேனும் கேட்டிருக்கக்கூடும். அதன்பின் அவள் கூட்டத்துக்கு வரவில்லை. தவணை முடிவில் செயலாளன் உறுப்பினர் பதிவேட்டில் அவள் பெயரைக் கோடிட்டு நீக்கி, காரணம் எழுதும் இடத்தில் "அக்கறையின்மை" என்று குறித்திருந்தான். அந்தப் பக்கத்தின் அடியில் பொறுப்பாசிரியன் என்ற முறையில் என் கையொப்பம் இருக்கின்றது.